ஒரு சுற்று கூடுதல்

ஆகஸ்ட் 9

இன்று ஸ்கோப் சோதனை ஆரம்பம். வழக்கமாக நானும் தம்பி கிப்பும் மட்டும் உட்காருவோம். இந்த வருடம் மூன்றாவதாக ஒரு நாற்காலி. மார்லிஸுக்கு. தம்பியின் பெண்டாட்டி, ஏப்ரலில் ஐடஹோவிலிருந்து வந்து இறங்கியவள்.

எங்கள் மலை முகாமுக்குக் காசு கொடுத்து வருகிற வேட்டைக்காரர்களில் பலருடைய துப்பாக்கி விமானத்தில் அடிபட்டுத்தான் வந்து சேரும். அவர்களுக்குக் கொடுக்க ஆறு துப்பாக்கிகள் வைத்திருக்கிறோம். அவற்றின் முதுகில் குறிபார்க்க எந்த ஸ்கோப், அந்தச் சின்னத் தூரக்கண்ணாடி, உட்கார வேண்டும் என்று சொல்வது என் வேலை. கிப் கையில் காப்பியோடு வந்து, "அக்கா, எது?" என்பான். நான் சொல்வேன். அதோடு பேச்சு முடிந்தது.

இன்றும் கேட்டான். கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முகத்தைப் பார்த்தான்.

ஆகஸ்ட் 10

துப்பாக்கியைக் கீழே போடுகிறாள்! ஸ்கோப்போடு! தோட்டாவை எடுத்துவிட்டுத்தான், அடியில் ஒரு பாய் விரித்துத்தான், ஆனாலும் போடுகிறாளே! முதலில் முழங்கால் உயரம், பிறகு இடுப்பு உயரம். இடப்பக்கம், வலப்பக்கம், தலைகீழாக. ஒவ்வொரு முறை போட்ட பிறகும் நூறு கஜத்தில் ஒரு முறை சுடுகிறாள். குறி நகர்ந்திருந்தால் அந்த ஸ்கோப் வீட்டுக்குப் போகலாம்.

"கண்ணாடி பளிச்சுன்னு இருக்கான்னு கடையிலயே பாத்துக்கலாம்க்கா. குதிர தடுக்கி விழுந்தப்புறமும் அதே எடத்துல சுடுதான்னுதான நமக்குத் தெரியணும்?"

கடையிலேயே பார்த்துக்கொள்ளலாமாம். மங்குகிற வெளிச்சத்தில் எதிர்மலையில் நிற்கும் மானின் கொம்புக் கிளைகளை எண்ணி எண்ணி நான் தேர்ந்தெடுத்ததெல்லாம் கடைவேலை.

நான் சொன்ன ஸ்கோப் இரண்டாவது விழுகையிலேயே நான்கு அங்குலம் தள்ளிப் போயிற்று. அவள் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். ஏதாவது குத்திச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவள் கொண்டுவந்தது எருமைக்கன்று கனம். கண்ணாடியில் லேசாக மஞ்சள் வேறு. மயிரிழைகூட நகரவில்லை.

"ஒங்க துப்பாக்கியையும் ஒரு தடவ போட்டுப் பாத்துரலாமாக்கா?"

"என் துப்பாக்கிய யாரும் போட வேணாம்."

அக்காவாம். நான் கிப்புக்கு மட்டும்தான் அக்கா.

ஆகஸ்ட் 23

ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு திருகாணியின் மேலும் நகப்பூச்சால் ஒரு கோடு போடுகிறாள். திருகாணி தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மிட்டாய் ரோஸ் நிறம். "பாத்தியாக்கா, என்ன மூளை!" என்று கிப் என்னிடமே வந்து சொல்கிறான். நான் முடி வெட்டிக்கொண்டு வந்தால் ஒரு வாரம் கழித்துக்கூடக் கண்ணில் படாது அவனுக்கு.

ஆகஸ்ட் 24

பொறாமை என்று எழுதிப் பார்த்தேன். எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 6

அவளுக்கு இன்னொரு சடங்கும் உண்டு. ஸ்கோப்பின் தலையில் ஒரு திருகு இருக்கிறது. தூரத்தில் சுட அதை மேலே ஏற்ற வேண்டும், சுட்டபின் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். ஒரு முழுச் சுற்று போனால் மறுபடி அதே பூஜ்யம்தான் வந்து நிற்கும். அது அடிப் பூஜ்யமா, ஒரு சுற்று மேலே இருக்கிற பூஜ்யமா என்று திருகுக்குக் கீழே தெரியும் கோடுதான் சொல்லும்: அடியில் கோடே தெரியாது, ஒரு சுற்று ஏறினால் ஒரு கோடு. அவள் கோட்டையும் நம்புவதில்லை. துப்பாக்கியை வெளியே எடுக்கிற நாளெல்லாம் காலையில் திருகைக் கீழே முட்டி நிற்கும்வரை இறக்கிப் பார்க்கிறாள். பூட்டின கதவையே ஆட்டி ஆட்டிப் பார்க்கிற ஜாதி. கிப்பிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் சொன்னான்: எல்க் மான் வேட்டைப் பருவத்தின் முதல் நாள், முதல் விருந்தாளியை மார்லிஸ் கூட்டிப் போகிறாள். அவளுடைய எருமைக்கன்று ஸ்கோப்போடு. அது சரியாக வந்தால் ஆறு துப்பாக்கிக்கும் அதுதான். இனிமேல் தேர்வு செய்வதும் அவள்தான்.

"நீ முகாம்ல ரேடியோவப் பாத்துக்கக்கா. ஒனக்கும் முட்டி வலி."

என் முட்டிக்கு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 15

எனக்காக ஒரு கவைக்கொம்பு மான்; அதற்குப் பருவம் முன்னதாகவே திறந்துவிடும். முந்நூற்றைம்பது கஜம். தவறவிட்டேன். பாழாய்ப்போன காற்று. போன வருடமும் இப்படித்தான்.

செப்டம்பர் 27

இருவரும் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார்கள். அவள் துப்பாக்கியை எடுத்தேன்.

பாய் விரிக்கவில்லை. சரளைக் கல்லில் போட்டேன். சுட்டேன். அதே ஓட்டை. தோள் உயரத்திலிருந்து போட்டேன். சுட்டேன். அதே ஓட்டை. உடைஞ்சு தொலையேன்! ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நகந்து காட்டேன், ஒனக்கு என்ன போச்சு?

திருகைச் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றிக் கீழே இறக்கினேன். அங்கேயாவது திணறுமென்று பார்த்தேன். மறுபடி ஏற்றும்போது அவர்களுடைய பிக்கப் வண்டிச் சத்தம் கேட்டது. அவசரமாகப் பூஜ்யத்துக்கு இறக்கி, புழுதியைத் துடைத்து, உறையில் போட்டுவிட்டேன்.

ஒரு ஸ்கோப்பிடம் தோற்றுப் போனேன்.

அக்டோபர் 1, காலை

முதல் நாள். ஒஹாயோவிலிருந்து வந்த பல் டாக்டரோடு மார்லிஸ் விடியுமுன் கிளம்பிவிட்டாள். கிப் வேறொருவரோடு மறுசரிவில். நான் தட்டு கழுவுகிறேன்.

கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று உறையில் போடும்போது திருகுக்குக் கீழே ஒரு கோடு தெரிந்தது. அதற்குப் பிறகு இன்றுதான் அந்தத் துப்பாக்கி வெளியே போயிருக்கிறது.

ஒரு கோடும் தெரியக் கூடாது.

ஒரு சுற்று மேலே விட்டுவிட்டேன். முந்நூறு கஜத்தில் தோட்டா எல்க்கின் முதுகுக்கு மேல் ஒன்பது அடி உயரத்தில் போகும். மானுக்கு ஒரு கீறலும் விழாது. ஓடிவிடும். பல் டாக்டர் கத்துவார். கிப் ஸ்கோப்பைக் கழற்றச் சொல்வான். அப்புறம் காப்பியோடு வந்து, அக்கா, எது?

நான் வேண்டுமென்று செய்யவில்லையே. சும்மா இருந்தால் போதும். தட்டு கழுவினால் போதும்.

அவள்தான் காலையில் திருகைப் பார்ப்பாளே. ஆனால் இன்று இருட்டு, புது ஆள், அவசரம். பார்க்காமல் போயிருந்தால்?

பார்க்காமல் போயிருக்க வேண்டும் என்று ஏன் வேண்டிக்கொள்கிறேன்?

அக்டோபர் 1, மதியம்

தட்டுகளை இரண்டாம் முறை கழுவுவதைக் கண்டதும் எனக்கே சகிக்கவில்லை. ரேடியோவை எடுத்தேன். அதில் பேசினால் கிப் காதிலும் விழும். விழட்டும்.

"மார்லிஸ், சுடாதே. திருகு ஒரு சுத்து மேல இருக்கு. நான்தான் சுத்தினேன்."

ரேடியோ கரகரத்தது. பிறகு அவள் குரல், கிசுகிசுப்பாக:

"தெரியும்க்கா. கெளம்பறதுக்கு முன்னாடியே எறக்கிட்டேன். இப்ப ரேடியோவ வைங்க, எதிர்ல நிக்குது."

கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து ஒரு வெடி. இரண்டாவது கேட்கவில்லை.

அக்டோபர் 1, மாலை

நல்ல காளை எல்க். பல் டாக்டர் எல்லோரையும் கட்டிப் பிடிக்கிறார், என்னையும்.

கிப் குதிரையின் சேணத்தைக்கூட அவிழ்க்காமல் நேரே வந்தான். "அந்தத் துப்பாக்கிய நீ எதுக்குக்கா தொட்ட?"

"ஒடையுதான்னு பாக்க."

"ஒடைஞ்சுதா?"

"இல்ல."

அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மார்லிஸ் ரத்தக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "எதுமேல போட்டீங்க?"

"சரளைல. தோள் ஒசரத்துலேந்து."

"தோள் ஒசரமா! நகரலியா?" கண் விரிந்தது. "எனக்கு அவ்ளோ தைரியம் வந்ததே இல்லக்கா."

கேலியில்லை. நிஜமாகவே சந்தோஷப்படுகிறாள். இப்படி ஒருத்தியை எப்படித்தான் வெறுப்பது? முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

அக்டோபர் 2

கிப் காப்பி மட்டும் வைத்துவிட்டுப் போனான்.

அக்டோபர் 19

விருந்தாளிகள் போய்விட்டார்கள். முகாமை மூட்டை கட்டுமுன் என் துப்பாக்கியை எடுத்துப்போய் மார்லிஸின் முன்னால் வைத்தேன்.

"போடு."

"நெஜமாவா?"

"நான் மனசு மாறதுக்குள்ள போடு."

முதலில் என்னை ஒன்று சுடச் சொன்னாள். நடுவில் விழுந்தது. பிறகு பாய் விரித்து, முழங்கால் உயரத்திலிருந்துதான் போட்டாள், குழந்தையைக் கிடத்துவது போல. மறுபடி சுட்டேன்.

ஐந்து அங்குலம் இடப்பக்கம்.

கிப் மெதுவாக, "காத்தா இருக்கும்க்கா" என்றான்.

குறிப்பலகையில் கட்டியிருந்த துணி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

என் ஸ்கோப்பை நானே கழற்றினேன். எருமைக்கன்று ஒன்றைப் பொருத்தினோம், அவள் பிடித்துக்கொண்டாள், நான் முடுக்கினேன். நகப்பூச்சுப் புட்டியை நீட்டினாள். கோடுகளை நானே போட்டேன்.

நிறம் இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.