தோளில் ஏறிய சிகரெட்

ஆவணி 12, வியாழன்

இன்று பக்கத்து ஊரான கூரத்திலிருந்து ஓர் அம்மாள் மகளின் முகூர்த்தப் புடவைக்காக எங்கள் கடைக்கு வந்தார். ஒரு பட்டுப் புடவையைப் பிரித்து, வழக்கம்போல "தோள்ல போட்டுப் பாருங்கம்மா" என்றேன். தோளில் விழுந்துவிட்டால் பாதி விற்ற மாதிரி. பட்டின் குளிர்ச்சியும் சரசரப்பும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பதினெட்டு வருடமாக என் பிழைப்பே இதுதான்.

அந்த அம்மாளோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தொட்டா வுட மாட்டேன்பா. மொதல்ல எட்ட நின்னு பாத்துக்கறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

என் சிகரெட்டும் இப்படித்தான் என் தோளில் ஏறியது. அதன் ஃபில்டர் பஞ்சுக்குள் ஒரு சின்ன உருண்டை. விரலால் அழுத்தினால் டிக்கென்று உடையும், தொண்டையில் புதினா ஜில்லென்று இறங்கும். போன வாரம் அது கிடைக்காமல் சாதா சிகரெட் ஒன்றைப் பற்றவைத்தேன். இரண்டே இழுப்பு, தொண்டை எரிந்தது, தூக்கிப் போட்டுவிட்டேன். எரிச்சலை மறைக்கத்தான் புதினா என்று விற்பனைக்காரனான எனக்கே இன்றுவரை புரியவில்லை. காலை இருமலுக்கு மனைவி கல்பனாவிடம் கடைத் தூசி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

சாயங்காலம் டீக்கடை பாய் நான் கேட்காமலே என் சிகரெட் பெட்டியை எடுத்து வைத்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இன்னா நைனா, கையில அடிபட்டுக்கிச்சா?"

"இல்ல பாய். டீ மட்டும் குடுங்க."

இதை எழுதும்போதும் கட்டைவிரல் பேனாவின் தலையை அழுத்திக்கொண்டே இருக்கிறது. டிக், டிக். நாளைக்கு முதல் வேலையாக மூடி போட்ட பேனா வாங்க வேண்டும்.