பகல் சாப்பாட்டில் ஸ்பானியம்

2 ஜூலை 1934, திங்கள்
இன்றைக்கும் பகல் சாப்பாட்டில் பாடம். ஐப்பசியில் என்னையும் மணிலாவுக்குக் கூட்டிப் போகப்போகிறாராம் என் வீட்டுக்காரர். அங்கே அவர் வேலை பார்க்கும் கடைக்கு வருகிற பெரிய வீட்டுப் பெண்கள் ஸ்பானியம்தான் பேசுவார்களாம். அதனால் காலையிலிருந்து என்னென்ன செய்தேன் என்று, சோறு பரிமாறிக்கொண்டே அந்தப் பாஷையில் அவரிடம் ஒப்பிக்க வேண்டும். போனேன் என்றால் 'ஃபுயி'. சாப்பிட்டேன் என்றால் 'கொமீ'. தப்பினால் மூன்று தடவை. அவருடைய அம்மா, மாமி, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். என் வாய் கோணுவதைப் பார்த்து வீட்டுக்காரர் இவுகளுக்குச் சிரிப்பு. எனக்கு எரிச்சல்.

5 ஜூலை
நாத்தனார் அமீருன்னிசா சோழவந்தானிலிருந்து முனிச்சாலைக்கு வந்திருக்கிறாளாம், புருஷனுடைய சின்னம்மா வீட்டுக்கு. தலைப்பிரசவம். பெத்த தாய் நாலு தெரு தள்ளி இருக்க, யாரோ வீட்டில் கிடக்கிறாள்.

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் நிக்காஹ் விருந்தில் தன்னை முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று அவள் புருஷன் சேக் மைதீன் பாதிச் சோற்றில் எழுந்து போனார். அவர் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் அவரோடு போகாதே என்று அமீருவிடம் சொன்னார் மாமி. அமீரு போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் பேரையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது.

6 ஜூலை, வெள்ளி
நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லித் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முனிச்சாலைக்குப் போனேன். அமீருவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. "அம்மா என்னையப் பத்திக் கேட்டாகளா மதினி?" என்றாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

பகலில் எல்லாவற்றையும் ஸ்பானியத்தில் இவுககிட்ட சொன்னேன். தங்கச்சிக்கு 'எர்மானா'. மாமி முன்னாலேயே! பயந்துகொண்டேதான் சொன்னேன். சிரிப்பும் வந்தது.

9 ஜூலை
போனேன்.

11 ஜூலை
போனேன். இத்தனை நூலை எங்கே வைப்பது?

14 ஜூலை
காலையிலிருந்து அமீரு ஒரு வாய்கூடச் சாப்பிடல, எல்லாம் வாந்தி. அதச் சொன்னா, 'கொமியோ'ங்கிற சொல்ல அழுத்திச் சொல்லு, இன்னொருக்கா சொல்லுங்கிறாக. ஒரு பிள்ள பட்டினி கிடக்குன்னு சொல்றேன், இவுக உச்சரிப்பத் திருத்துறாக! குழம்புச் சட்டிய ணங்குன்னு வச்சிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

16 ஜூலை
இவுக திண்டுக்கல் போயிருக்கிறார்கள். மாமியும் நானும் மட்டும். வெற்றிலை இடிக்கிற சத்தம் நின்றது. நிமிர்ந்தேன்.

"எர்மானா இன்னைக்குக் கொமியோவா?"

சாப்பிட்டாளா என்று கேட்கிறார். கரண்டியைக் கீழே வைத்தேன். கொஞ்சம் கஞ்சி குடிச்சா மாமி என்று தமிழில்தான் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், மறுபடி வெற்றிலை இடிக்கத் தொடங்கினார். தினம் ஒன்றையே மூன்று தடவை சொன்னால் யாருக்குத்தான் விளங்காது? அடுப்படியில் போய் அழுதேன்.

17 ஜூலை
விடிந்ததும் மாமி ஜட்கா பிடித்துவரச் சொன்னார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முனிச்சாலையில் அவர் இறங்கவில்லை. வாசலில் சேக் மைதீன். ஜட்காத் திரைக்குள்ளிருந்தே, "மாப்பிள்ளையும் சாப்பிட வரணும், முதல் பந்திக்கு" என்றார் மாமி.  சேக் மைதீன் உள்ளே போய் அமீருவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து ஏற்றிவிட்டார்.

2 ஆகஸ்ட்
பெண் குழந்தை. இருவரும் நலம்.

மாமி ஈரக்கையோடு அறையிலிருந்து வந்தார். நானும் இவுகளும் வெளியே நின்றுகொண்டிருந்தோம். "எம்மக பெத்துட்டா" என்றார்.

எம்மக. நான் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். இன்றைக்குத்தான் மாமி வாயால் அந்தச் சொல்லைக் கேட்கிறேன்.