வயரிங் சீர்

19.5.96

கணபதியில் புது வீட்டுக்கு வயரிங் முடிந்துவிட்டது. மருமகள் வெங்கடலட்சுமியின் தம்பி பாலகோபால்தான் செய்தான். கூலி வாங்கவில்லை. "அக்காவுக்கு இது எம்பட சீருங்க" என்றான். கல்யாணத்துக்குப் பித்தளை அண்டா வைக்கிறோம் என்று சொல்லிவிட்டு அலுமினியத்தைக் கொண்டுவந்து இறக்கிய குடும்பம். எனக்கு மறக்காது.

சோதித்தாயா என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து பிளக் ஓட்டையில் குத்தினான். சிவப்பாக எரிந்தது. "பாத்தீங்களா, கரண்டு வருது. அவ்வளவுதானுங்க அத்தை."

அவ்வளவுதானா?

பல்லடத்தில் தறிக்குடோனில் என் தங்கை காளியாத்தாள் தறியைத் தொட்டபடியே செத்தாள். அங்கேயும் லைட்டெல்லாம் நன்றாகத்தான் எரிந்தது. லைசென்ஸ் உள்ள சூப்பர்வைசர் ரசாக் என்பவர் வந்து பார்த்தார். எர்த் கம்பி மண்ணுக்குள் போய்ச் சேரவே இல்லை என்றார். பக்கத்தில் நின்று கேட்டேன். அவர் சொன்னதில் ஒரு சொல் கூட எனக்குள் அழியவில்லை.

22.5.96

ரசாக்கைக் கூப்பிட்டு வீட்டைச் சோதிக்கலாம் என்று மகன் நஞ்சுண்டனிடம் சொன்னேன்.

"மச்சான் சீராச் செஞ்சதை வெளியாளை உட்டுச் சோதிக்கறதா? மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிருமுங்கம்மா. அப்பறம் அவனூட்டுல போயி கை நனைக்க முடியுமா?"

வெங்கடலட்சுமி என் முகத்தைப் பார்க்காமல் ரசத்தைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்: "அண்டாவை உரசிப் பாத்தீங்க. இப்பக் கம்பியையும் உரசிப் பாக்கோணுமாக்கும்."

நான் எது பேசினாலும் அந்த அண்டாவில்தான் போய் முட்டும்.

5.6.96

கிரகப்பிரவேசம். மெயின் சுவிட்சைப் பாலகோபாலை வைத்தே போடச் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

28.6.96

வெங்கடலட்சுமி செருப்போடு அடுப்படியில் நின்று மாவரைக்கிறாள். நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. "ஏனம்மிணி, புது ஊடு வந்ததும் இந்த நாகரிகமா?" என்றேன்.

"காலு குளிருதுங்க அத்தை" என்றாள்.

குளிராம்.

18.7.96

நாளை ஆடி முதல் வெள்ளி. சாமிக்கு வடைக்கு அரைக்க வேண்டும். "நாளைக்காவது செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள போ" என்றேன்.

21.7.96

வெங்கடலட்சுமி செத்துப்போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. கிரைண்டரில் ஒரு கை. ஈரத் தரையில் வெறுங்கால். பேத்தி ரித்திகா ஓடிவந்து, "அப்பத்தா, அம்மா கையை எடுக்கவே மாட்டேங்குது" என்றாள். போய் மெயினை இறக்கினேன். எங்கே இருக்கிறது, எப்படி இறக்குவது என்று குடிவந்த அன்றே பார்த்து வைத்திருந்தேன். என்ன பிரயோசனம்? நான் இறக்கியதும் அவளும் விழுந்தாள்.

பிறந்த வீட்டுக் கோடியைப் பாலகோபால்தான் கொண்டுவந்து போர்த்தினான். அதுவும் சீர்தான்.

3.8.96

நஞ்சுண்டனே போய் ரசாக்கைக் கூட்டிவந்தான். கைப்பிடி போட்டுச் சுற்றுகிற மீட்டர் ஒன்று கொண்டுவந்தார். ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றினார். எர்த் கம்பி வீடு முழுக்க ஓடி, மெயின் பலகைக்குப் பின்னால் மொட்டையாக நின்றது. வெளியே எர்த் குழியே தோண்டவில்லை.

"கிரைண்டர்ல கரண்டு கசியறது எந்த ஊட்லயும் நடக்கறதுதானுங்க. எர்த்து இருந்திருந்தா பியூஸ் போயிருக்கும். உசுரு போயிருக்காது."

பாலகோபால் சுவரைப் பார்த்துக்கொண்டு, "டெஸ்டர் எரிஞ்சுதுங்களே" என்றான்.

"எரியும் தம்பி. எர்த்து இருக்குதான்னு அது சொல்லாது. சோதிக்கறதுக்கு யாருகிட்டக் கத்துக்கிட்டே?"

"ஆரும் கத்துக்குடுக்கலீங்க. வேலைக்குப் போன எடத்துல பாத்ததுதான்."

"அப்ப சோதிச்சாச்சுன்னு கரண்டு ஆபீசுத் தாளுல கையெழுத்துப் போட்டது யாரு?"

லைசென்ஸ்காரர் ஒருவராம். இந்த வீட்டுப் பக்கமே வந்ததில்லையாம்.

எல்லோரும் போன பிறகு ரித்திகா சொன்னாள். "அம்மாவுக்கு முன்னாடியே கிரைண்டரைத் தொட்டாச் சுர்ருன்னுச்சு அப்பத்தா. மாமாகிட்டச் சொன்னதுக்குச் செருப்புப் போட்டுட்டு அரைங்கக்கான்னாங்க. உங்கப்பத்தாகிட்டச் சொல்லிப்போடாதே, ஜெயிச்ச மாதிரி பேசுவாங்கன்னு அம்மா சொல்லுச்சு."

10.8.96

ஜெயித்தேனா?

2.10.96

பாலகோபால் பல்லடத்தில் ஒரு வீட்டுக்கு வயரிங் செய்கிறான் என்று காதில் விழுந்தது. பஸ் ஏறிப் போனேன். வாசலில் நின்றே அந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன் - தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டுச் சோதிக்காமல் குடிவராதீர்கள், இவன் அக்கா எப்படிச் செத்தாள் தெரியுமா என்று.

"தெரியுமுங்க, பாவம். ஆனா அவன் நம்ம பங்காளி பையனுங்க. வெளியாளைக் கூப்புட்டா அவன் மனசு என்ன பாடுபடும்? உள்ள வாங்க, காப்பி குடிச்சுப்போட்டுப் போலாம்."

குடிக்காமல் வந்தேன். இதையும் மறக்க மாட்டேன்.

1.11.96

ரசாக் எர்த் குழி போட்டு, எல்லாக் கம்பியையும் சேர்த்து, மறுபடி மீட்டரைச் சுற்றிப் பார்த்து, இனிப் பயமில்லை என்று சொல்லி ஒரு மாதம் ஆகிவிட்டது. கிரைண்டரும் புதுசு.

இன்று தோசைக்கு ரித்திகா அரைத்தாள். அவள் அம்மாவின் நீல வார்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது பெரியது. குதிகாலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கழற்றக் குனிந்தாள்.

வெள்ளிக்கிழமை.

"கழட்டாதே கண்ணு" என்றேன்.