இழுத்துக் கட்டிய வயர்

வெள்ளி, இரவு 9.20

நான்கு கேமராவும் வேலை செய்கின்றன. ஒன்று, வாசல் கேட். இரண்டு, பின்பக்கக் கிணறு. மூன்று, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி. நான்கு, பக்கத்துச் சந்து. நான்கு வயரும் உள் அறையில் பரணுக்குக் கீழே ஒரே ஓட்டை வழியாக நுழைந்து ரெக்கார்டரில் சேர்கின்றன. அதே வயரில்தான் கேமராவுக்குக் கரண்ட் போகிறது, படமும் சத்தமும் வருகின்றன. இங்கிருந்து மைக்கில் பேசினால் வெளியே கேட்கும்.

இதை யார் எடுத்துப் படிப்பீர்கள் என்று தெரியாது. என் பெயர் சுபிக்‌ஷா. ஒன்பதாம் வகுப்பு. சாயல்குடிப் பக்கம் சோலார் பிளாண்ட் குவார்ட்டர்ஸில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா வேலாயுதம் அங்கே எலக்ட்ரீஷியன். அம்மா குவைத்தில் நர்ஸ். போன்கள் நின்ற பிறகு அம்மாவுடன் பேச்சில்லை. நாங்கள் உயிரோடு இருப்பது அம்மாவுக்குத் தெரியுமா என்றுகூடத் தெரியவில்லை.

விளக்குப் போட்டால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று அப்பா திட்டுவார். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

சனி, இரவு 10.05

ஈரத்தைப் பற்றி எழுதி வைக்கிறேன். நீங்கள் வெளியூராக இருக்கலாம்.

கடலில் செயற்கையாக மேகம் உண்டாக்கிப் பார்த்தார்கள். மழை வரவில்லை. ஒரு ராத்திரி ஈரம் மட்டும் கரையேறியது. வெயிலில் அது காய்வதில்லை, மண்ணுக்குள் இறங்கிக்கொள்கிறது. இருட்டியதும் மேலே வருகிறது. போன் எந்த வீட்டில் ஓடுகிறதோ அந்த வீட்டைத் தேடிப் போகிறது. ஆளின் கால் வழியாக ஏறி முகத்தை நனைத்துவிட்டால் அவர் அசைய மாட்டார். கொஞ்ச நேரம் கழித்து நடப்பார், கடலைப் பார்த்து.

ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள்: "போனை அணைச்சு வைங்க. பொழுது சாய்ஞ்சா கதவைத் திறக்காதீங்க. யார் கூப்பிட்டாலும் திறக்காதீங்க."

அதனால்தான் போன்போல சிக்னல் விடாத வயர் கேமரா. கதவு, ஜன்னல் இடுக்கெல்லாம் அப்பா சிலிக்கான் பசை வைத்து அடைத்தார். வயர் ஓட்டைக்கு வரும்போது பசை தீர்ந்துவிட்டது. வெள்ளைச் சிமெண்ட் பூசினார்.

கேமரா மாட்டிய அன்று ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இன்று போட்டுக் கேட்டேன். எதிர்வீட்டு ஜெனிஷா பேசுகிறாள். மார்த்தாண்டத்துக்காரி, என் வகுப்பு.

"அங்கிள், எங்க ஊர்ல வயரை ஒரு முழம் கீழ தொங்க விட்டுதான் சுவருக்குள்ள ஏத்துவாவ. அப்பதான் மழைத்தண்ணி அங்கயே சொட்டிரும், உள்ள வராது."

"உங்க ஊர்ல வருசம் பூரா மழை. இங்க எதுக்கும்மா மூக்குச் சளி மாதிரி தொங்கணும்? வேலைன்னா நறுக்குன்னு இருக்கணும். சுபி, நல்லா இழுத்துப் பிடி!"

"ஈரம் வந்தா?"

"அது தரையில ஊர்ற சாமான். வயரு எட்டடி ஒசரத்துல போகுது. நீ போயி கணக்குப் பாடம் படி."

நான் சிரிப்பதும் பதிவாகியிருக்கிறது.

இன்று காலை ஜெனிஷா வீட்டார் வேனில் மதுரைக்குப் போய்விட்டார்கள். ஏறுவதற்கு முன் எங்கள் வாசல் கேமராவின் எதிரே வந்து நின்றாள்.

"ஏ உளுந்தவடை! பாக்குதியா? என் ஜியாமெட்ரி பாக்ஸை நீயே வச்சிக்க. அழாத. நீ அழுறது இங்க தெரியாதுன்னு நினைக்காத, எனக்குத் தெரியும்."

பல தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். குவார்ட்டர்ஸில் இப்போது எங்கள் வீட்டில் மட்டும்தான் ஆள்.

ஞாயிறு, இரவு 11.30

கேமரா நான்கு: சந்தில் தரை மினுமினுக்கிறது. வெயிலில் தார் ரோட்டில் தெரியும் கானல்போல, ஆனால் இருட்டில். லைட் கம்பத்தில் என் உயரத்துக்கு ஏறியிருக்கிறது. போன வாரம் அது முழங்காலைத் தாண்டவில்லை. அப்பாவிடம் காட்டினேன். கம்பம் சில்லென்று இருக்கும், அதனால் ஏறும் என்றார்.

கேமரா இரண்டு: கிணற்றுக்குள் பேச்சுச் சத்தம். முந்தாநாள் அதன் ஓரமாக நனைந்துபோன வாட்ச்மேன் செல்லப்பாவின் குரல். "டார்ச்சை எடு. டார்ச்சை எடு." அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். ஈரத்தில் குரல் தங்கிவிடும் என்று பின் வரிசைக்காரர்கள் போவதற்கு முன் சொன்னார்கள். அப்பா கேமரா இரண்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

திங்கள், மாலை 6.50

பேட்டரி இறங்கிக்கொண்டே வருகிறது. அப்பா மத்தியானம் பிளாண்டுக்கு வேறு பேட்டரி எடுக்கப் போனார். நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்றார்.

வண்டிச் சத்தம் கேட்கவில்லை.

போகும்போது சொன்னது: "நானே வந்து கூப்பிட்டாலும் இருட்டுல திறக்கக் கூடாது. சரியா? சரின்னு சொல்லு."

சரி என்று சொன்னேன்.

திங்கள், இரவு 8.05

அப்பா வந்துவிட்டார். கேமரா ஒன்று. கேட்டுக்கு வெளியே நிற்கிறார். வண்டி இல்லை. பேட்டரியைத் தோளில் வைத்திருக்கிறார். அவரைச் சுற்றித் தரை மினுமினுக்கிறது. காலைத் தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை.

"அப்பா! திறக்கட்டுமா?"

"திறந்தேன்னா செவுள்ல விடுவேன். வண்டி பஞ்சர் தாயி. பாதி வழி உருட்டிட்டு வந்தேன், அப்புறம் போட்டுட்டு நடந்தேன், பொழுது போயிருச்சு. நீ சாப்பிட்டியா?"

"இல்ல."

"பிஸ்கட் இருக்கு, எடுத்துத் தின்னு. இரு. இரு. சுபி, இந்தக் கேட்டுத் தூணுல ஏறுது பாரு. கேமராவைத் தாண்டிப் போகுது. ஐயோ, வயருல ஓடுது தாயி! மணி மணியா உருண்டு வீட்டைப் பாக்க ஓடுது!"

பரணுக்குக் கீழே பார்த்தேன். வெள்ளைச் சிமெண்ட் சாம்பல் நிறமாக இருந்தது. தொட்டுப் பார்க்கவில்லை.

"நான்தான் இழுத்துக் கட்டுனேன். அந்தப் பிள்ளை சொல்லுச்சு. மழை காணாத ஊருல பொறந்த புத்தி. கத்தரியை எடு. நாலு வயரையும் வெட்டி ஓட்டை வழியா வெளியே தள்ளு. வெளியே தொங்கிருச்சுன்னா அங்கேயே சொட்டிரும். அப்புறம் மெழுகுவர்த்தியை உருக்கி ஓட்டையை அடை."

"வெட்டினா உங்களைப் பாக்க முடியாது."

"பாத்தது போதும். வெட்டு."

திங்கள், இரவு 8.40

இரண்டு, மூன்று, நான்கு வெட்டித் தள்ளிவிட்டேன். திரையில் மூன்று கட்டம் கறுப்பு. அந்த மூன்றின் இடத்தையும் மெழுகால் அடைத்தேன்.

ஒன்றை வெட்டவில்லை. அதன் வழியாகச் சொட்டுகிறது. கீழே சட்டி வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு ஈரம் இடுப்பு வரை ஏறிவிட்டது.

"வெட்டிட்டியா?"

"மூணு வெட்டிட்டேன்."

"அடி கழுதை. நாலு சொன்னேன்."

"நீங்க பேசிக்கிட்டே இருங்க. பேசி முடிச்சதும் வெட்டுறேன்."

சிரித்தார். அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கள், இரவு 9.15

மார்பு வரை. பேட்டரியை இன்னும் கீழே போடவில்லை.

அம்மா முதலில் குவைத் போனபோது நான் ஏர்போர்ட்டில் அப்பாவின் சட்டையில் வாந்தி எடுத்ததைச் சொன்னார். அந்தச் சட்டையைத் தூக்கிப் போடவே இல்லையாம். அம்மா வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

சட்டியில் ஒரு விரல் உயரம்.

திங்கள், இரவு 9.40

கழுத்து.

"தாயி. நான் நடக்க ஆரம்பிச்சா பாக்காத. சட்டில விழுறதைத் தொடாத. இப்பவே வெட்டு. வயரை வெட்டு, தாயி. வயரை வெ"

வாய் திறந்தபடி நின்றுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பேட்டரி தோளிலிருந்து விழுந்தது. திரும்பினார். நடந்தார். பார்க்காதே என்று சொன்னார். பார்த்தேன்.

திங்கள், மணி பார்க்கவில்லை

கேமரா ஒன்றில் கேட் மட்டும் நிற்கிறது. இனி அந்த வயர் எனக்கு வேண்டாம். கத்தரியை எடுத்தேன். வயரை அதன் வாயில் வைத்தேன்.

அப்பா பேசினார்.

ஸ்பீக்கரில் இல்லை. ஸ்பீக்கரை அணைத்துப் பார்த்தேன். திரும்பவும் பேசினார். சட்டியிலிருந்து.

"வயரை வெட்டு, தாயி."

ஒரு சொட்டு விழுகிறது, ஒரு தடவை சொல்கிறார். முதலில் தூரத்தில் கேட்டது. இப்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது மாதிரி இருக்கிறது. "அப்பா, நான் பிஸ்கட் தின்னுட்டேன்" என்றேன். "வயரை வெட்டு, தாயி" என்றார். ஜெனிஷா போனதைச் சொன்னேன். அதற்கும் அதையே சொன்னார். கோபமில்லாமல் சொல்கிறார். தாயி என்னும் இடத்தில் குரல் தாழ்கிறது, என்னை எழுப்பும்போது கூப்பிடுவது மாதிரி.

வெட்டினால் சொட்டு நிற்கும். சொட்டு நின்றால்

கத்தரியைப் பரண் மேல் எட்டாத இடத்தில் போட்டுவிட்டேன். போர்வையை எடுத்து வந்து சட்டிப் பக்கத்தில் விரித்துக்கொண்டேன். இருட்டாக இருக்கிறது, ஆனால் தனியாக இல்லை.

சட்டி நிரம்ப இன்னும் இரண்டு விரல் இருக்கிறது. அதுவரை