எட்டரைக்கு வருமென்ற பஸ்

நேற்று அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அடித்தட்டிலிருந்து வதனியின் நீலப் பாவாடை வந்தது. பூச்சி உருண்டை வாசம். ரீச்சர், அதன் கரையில் உம்முடைய கையால் வைத்துத் தைத்த சரிகை கறுத்துப்போயிருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய என் மகள் அதை "என்ரை" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நீர் காலமான செய்தி கனடாவிலிருந்து வந்து மூன்று மாதமாகிறது. அன்று எனக்கு அழுகை வரவில்லை. நேற்று வந்தது. உமக்காக அல்ல.

அவளால் கோலாட்டம் அடிக்க முடியும் என்பதை முதலில் கண்டவர் நீர்தான். பதினொரு வயதிலும் அவளுக்கு எழுத்துப் பிடிபடவில்லை, பேச்சும் தெளிவில்லை. நாமிருவரும் படிப்பித்த பள்ளிக்கூடமே இரண்டாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டது. சனிக்கிழமைகளில் வாசிகசாலை முற்றத்தில் நீர் பிள்ளைகளுக்குக் கோலாட்டம் பழக்குவீர். வேலிக்கு வெளியே நின்று அவள் கை தட்டுவதை ஒருநாள் கவனித்தீர்.

"பிள்ளைக்குத் தாளம் பிசகேல்லை. என்னட்டை விடும், நான் பாக்கிறன்."

ஏழு மாதம் பழக்கினீர். மற்றப் பிள்ளைகள் பாட்டைக் கேட்டு அடி மாற்றுவார்கள். அவளுக்கு மட்டும் நீர் எதிரே நின்று தலையசைத்துக் காட்டுவீர். அவள் பிழை விடவேயில்லை என்று சொல்லமாட்டேன். பிழைத்தால் சிரித்துவிட்டு மறுபடி சேர்ந்துகொள்வாள். 'சனிக்கிழமை' என்ற சொல்லை அவள் தெளிவாகச் சொல்லப் பழகியது அந்த மாதங்களில்தான்.

பிறகு பருத்தித்துறையில் போட்டி வந்தது. பொருளாதாரத் தடையால் டீசல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் பஸ் ஓடிய காலம். எங்கிருந்தோ நீர் ஒரு பஸ் ஒழுங்கு செய்தீர். வதனிக்கு நீரே அளவெடுத்துப் பாவாடை தைத்தீர். "எட்டரைக்குச் சந்தியிலை நில்லுங்கோ" என்றீர்.

எட்டு மணிக்கே போய் நின்றோம். பத்து மணிக்கும் நின்றோம். நீர்வேலியிலிருந்து வாழைக்குலை கட்டிக்கொண்டு வந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"கோலாட்டப் பிள்ளையளையோ பாக்கிறியள்? அவை ஏழு மணிக்கே போயிட்டினம்."

வதனி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரீச்சர் மறந்திட்டாவோ?"

"ஓம் பிள்ளை, மறந்திட்டா."

அன்று பின்னேரம் உம்முடைய வீட்டுப் படலையடியில் நின்று கேட்டேன். நீர் மறுக்கவில்லை.

"ரெண்டு தாய்மார் வந்து கதைச்சவை. உவள் வந்தால் பரிசு கிடைக்காதாம், தங்கடை பிள்ளையளை விடமாட்டினமாம். நான் என்ன செய்யிறது?"

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"உம்மடை முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலேல்லை. அவளுக்கு உது விளங்காதுதானே."

அவளுக்கு விளங்காதென்று ஊரார் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏழு மாதம் அவள் முகத்துக்கு நேரே நின்ற நீர் சொன்னீர். அந்தத் தாய்மார் எப்போது வந்தார்கள் என்று கேட்காமலே திரும்பிவிட்டேன். சரிகை வைத்துத் தைத்த நாளிலேயே உமக்குத் தெரியுமா? இனி யாரிடம் கேட்பது?

அடுத்த சனிக்கிழமை வதனி தானே சீப்பெடுத்துத் தலை இழுத்து, சட்டை மாற்றி நின்றாள். நான் விடவில்லை. நீர் ஆள் அனுப்பினீர், நான் பதில் அனுப்பவில்லை.

தொண்ணூற்றைந்தில் சண்டையால் ஊரோடு இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அங்கே ஒரு இளம் ரீச்சர் பின்னேரங்களில் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட்டுக் காட்டினா. ஒருநாள் எங்களிடம் வந்தா.

"அம்மா, இவவையும் விடுங்கோவன். நான் பக்கத்திலை நிப்பன்."

அதே கனிவான குரல். எனக்கு உம்முடைய முகம்தான் தெரிந்தது.

"அவளுக்குக் காய்ச்சல்" என்றேன்.

"எனக்குக் காய்ச்சல் இல்லை" என்றாள் வதனி.

அந்த ரீச்சர் என்னைப் பார்த்தா. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ போனபிறகு, விளையாட்டு முடியும்வரை வதனி சுவரோடு சாய்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளும் அந்த ரீச்சர் வந்தா, மறுநாளும் காய்ச்சல் என்றேன். அதற்கு மறுநாள் வரவில்லை.

உம்மை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தப் பொய்க் காய்ச்சலுக்குப் பிறகு வதனி என்னிடம் எங்கேயும் போகக் கேட்டதில்லை.