கொடித்தோடைப் பந்தலுக்கு நாலு கால்

யூலை 3, வியாழன்

இரவு முழுக்கக் கச்சான் காற்று, தென்மேற்கில் இருந்து. விடிய எழும்பிப் பார்த்தால் கொடித்தோடைப் பந்தல் மதில் பக்கம் சரிந்து கிடக்கிறது. பாஷன்புரூட் காயெல்லாம் நிலத்தில். நாலு மரக்காலும் அடியில் கறையான் தின்று உக்கிப்போய். மனைவி சரோஜா நட்ட கொடி. அவள் செத்து இரண்டு வருடம். என்னைத் தவிர இந்த வீட்டில் ஒருவரும் அதற்கு ஒரு வாளி தண்ணீர் விட்டதில்லை.

வெட்டாமல் கொடியைத் தூக்கிக் கயிற்றால் மதிலில் கட்டினேன். முதுகு பிடித்துக்கொண்டது.

மகள் தர்சினி குசினி யன்னலால்: "வெயிலுக்க நிக்காதேங்கோ அப்பா. உந்தப் பந்தலைப் பிறகு பாப்பம்."

பிறகு என்றால் எப்போது?

யூலை 4

கிண்ணியாவில் இருந்து றஹீம் வந்தான். ஒரே கந்தோரில் வேலை செய்து ஒன்றாய்ப் பென்சன் எடுத்தவர்கள் நாங்கள். உக்கிய மரக்காலைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"மணல் தரை, மச்சான். மரத்தை நட்டா மறுகாவும் சரியும். இரும்புக் குழாய் போடு. ஆழமாத் தோண்டி கொங்கிறீட் இறுக்கு. காத்தடிக்கிற பக்கம் ஒரு முட்டும் குடு."

குழாய், கட்டுக்கம்பி, சீமெந்து. ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கியாயிற்று. பின்னேரம் குழி தோண்டல். தோண்டத் தோண்ட மணல் உள்ளே சரிகிறது.

மருமகன் ரமணன் வேலையால் வந்து சீமெந்துப் பையைப் பார்த்தார்.

"மாமா, சீமெந்து போடாதேங்கோ. கயித்தால கட்டி விடுங்கோ, காணும்."

"ஏன் தம்பி?"

"இல்ல, சும்மா சொன்னனான்."

சும்மா சொல்கிற முகம் இல்லை.

யூலை 5

காலையில் ரமணன் முன்வாசலில் நின்று போனில்: "ஓம், ஓம், வாகனம் விட இடம் இருக்கு. பந்தலைக் கழட்டினாச் சரி. மாமாவோட அவ கதைப்பா."

மிச்சக் கதையில் விளங்கியது: வாகனம் என்பது வான் வண்டி. உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல்களுக்குச் சுற்றுலா ஆட்களை ஏற்ற. எனக்கு இன்றுதான் தெரியும்.

தர்சினி கதைக்க வரவில்லை. மத்தியானம் சோறு போடும்போது நானே பந்தலைப் பற்றிக் கேட்டேன்.

"வேற இடம் இல்லையப்பா. றோட்டில விட ஏலாது." கறியை அள்ளி வைத்துவிட்டு, என்னைப் பாராமல்: "அம்மா வீட்டை எனக்குத்தானே எழுதினவ."

எழுதினாள்தான். அவளுக்குச் சீதனமாய் வந்த வீடு, மகளுக்குச் சீதனமாய்ப் போனது. இங்கே அதுதான் வழக்கம். கூரை மாற்றியது நான், மதில் கட்டியது நான். ஆனால் மாப்பிள்ளையாய் வந்தேன், இப்போது மாமனாராய் இருக்கிறேன். இரண்டும் விருந்தாளிதான்.

பாரைமீன் குழம்பு. ருசி தெரியவில்லை.

யூலை 6, ஞாயிறு

காற்றுக் குறைவு. ரமணன் வெள்ளெனவே கந்தளாய்க்கு, வான் பார்க்க. நான் சீமெந்து குழைத்தேன். ஒருவரையும் கேட்கவில்லை.

மூன்று கால் முடிந்தது. நாலாவது, காற்றடிக்கும் பக்கத்துக் கால், தனி ஆளாய் ஏலாது. குழாயைப் பிடித்தால் கொங்கிறீட் போடக் கையில்லை. கொங்கிறீட் போடப் போனால் குழாய் சரிகிறது. மண்வெட்டியைத் தூக்கி எறிந்தேன்.

சத்தம் கேட்டுத் தர்சினி வந்தாள். எறிந்த மண்வெட்டியை எடுத்துத் தந்தாள். பிறகு குழாயை இரண்டு கையாலும் பிடித்தாள். நான் கொங்கிறீட்டைப் போட்டு, தடியால் குத்திக் குத்தி இறுக்கினேன்.

"வாற மாசம் வான் வருது அப்பா. இதை உடைக்கத்தான் வேணும்."

"தெரியும்," என்றேன். "நேராப் பிடி."