பயூமியின் பக்கம் வைத்த குழாய்

அலெக்சாண்டிரியா,
ஜனவரி 8

என் கண்ணான தம்பி ரகப்,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? மார்செய் ஆஸ்பத்திரியில் உன் ஒருத்தன் தலையில்தான் எல்லா வேலையும் விழுகிறதா, ஒரு வரி எழுதக்கூட நேரமில்லையே. போனில் சொன்னால் பக்கத்தில் உன் பெண்டாட்டி இருப்பாள், அக்காவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அத்தான் வருகிறார்.

அவர் இறந்த நாற்பதாம் நாள் ஓதி முடித்ததும் அவர் புகை பிடிக்கிற ஹூக்காவை எடுத்துத் துலக்கினேன். சாயங்காலம் கரி போட்டு நாலு இழுப்பு இழுத்துவிட்டு, குழாயை மேஜையில் அவர் நாற்காலிப் பக்கம் வைத்தேன். கையில் நீட்டினால்தான் அவருக்குப் பிடிக்காதே. மேஜையில் யார் பக்கம் வைக்கிறோமோ அவர் முறை. புயல் என்பதால் ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன். ஹூக்காக் குடுவையில் தண்ணீர் தானாகக் குமிழியிட்டது. நிமிர்ந்தால் உன் அத்தான் பயூமி உட்கார்ந்திருக்கிறார். "கரி அணையுது பாரு இன்சாப்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் வருகிறார். காலையில் தலைதான் பிளக்கிறது, வேறு குறையில்லை.

உன் அக்கா,
இன்சாப்


மார்செய்,
ஜனவரி 19

அன்புள்ள அக்கா,

கோபப்படாமல் படி. கரி எரிந்தால் வாசனையே இல்லாத ஒரு விஷவாயு வரும். சாத்திய அறையில் அது இரத்தத்தில் ஏறினால் தலை வலிக்கும், காலடிச் சத்தம் கேட்கும், இல்லாதவர்கள் தெரிவார்கள். ஒருநாள் தூங்கினால் எழுந்திருக்கவே மாட்டாய். "தண்ணி எல்லாத்தையும் கழுவிடும்டா" என்பார் அத்தான். கழுவாது அக்கா.

ஒரு கரண்ட் ஹூக்கா அனுப்பியிருக்கிறேன். அதில் கரியும் இல்லை, அந்த வாயுவும் இல்லை. அதற்காக நல்லது என்று நினைத்துவிடாதே. நிகோடின் இருக்கிறது; நாளாவட்டத்தில் நுரையீரலை என்ன செய்யும் என்று இங்கே டாக்டர்களுக்கே முழுசாகத் தெரியாது. இரண்டையும் விட்டால் எனக்கு நிம்மதி. முடியாவிட்டால் இதை வைத்துக்கொள், ஜன்னலைத் திற. கூடப்பிறந்தவள் என்று எனக்கு இருப்பது நீ ஒருத்திதான்.

உன் தம்பி,
ரகப்


அலெக்சாண்டிரியா,
பிப்ரவரி 3

தம்பி,

உன் பொம்மை வந்தது. பேனா மாதிரி இருக்கிறது, உறிஞ்சினால் மாம்பழ வாசனை, சத்தமே இல்லை. ஜன்னலைத் திறந்தேன். தலைவலி போயிற்று. அவரும் போய்விட்டார்.

நீ சொன்னது சரிதான். உன்னை மன்னிக்கத்தான் மனசு வரவில்லை. முந்தாநாள் பொறுக்க முடியாமல் கரியைக் கையில் எடுத்துவிட்டேன். உன் கடைசி வரி ஞாபகம் வந்தது, கீழே போட்டுவிட்டேன். குடுவைத் தண்ணீரைக் கொட்டி, குழாயைத் தண்டில் சுற்றி வைத்தாயிற்று. சுற்றி வைத்தால் ஆட்டம் முடிந்தது என்று அவருக்குத் தெரியும்.

இன்சாப்


மார்செய்,
பிப்ரவரி 12

அக்கா,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். திட்டிக்கொண்டே இரு, உயிரோடு இருந்து திட்டு. ஏப்ரலில் வருகிறேன்.

ரகப்


அலெக்சாண்டிரியா,
பிப்ரவரி 24

என் தம்பி,

முதலில் இதைப் படித்துக்கொள். வீட்டில் ஒரு துண்டு கரி இல்லை. ஜன்னல் திறந்தே கிடக்கிறது, மூக்கு விறைக்கிற குளிர். உன் பேனாவையும் தூக்கிப் போட்டுவிட்டேன். தலை தெளிவாக இருக்கிறது.

நேற்றுக் காலை குழாய் அவிழ்ந்து மேஜையில் கிடந்தது. பூனை வேலை என்று திட்டிக்கொண்டே மறுபடி சுற்றினேன். இன்றைக்கும் கிடந்தது, என் நாற்காலிப் பக்கம். நான் கவிழ்த்து வைத்த குடுவை நிமிர்ந்திருந்தது. அதில் தண்ணீர், உன் அத்தான் ஊற்றுகிற அளவுக்கு.

என் முறை என்கிறார். முன்பென்றால் சந்தோஷமாக எடுத்திருப்பேன். இப்போது தொட மாட்டேன். எனக்கு உயிர்மேல் ஆசை வந்துவிட்டது ரகப், அதை அவரிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

ஏப்ரல்வரை தள்ளாதே. இதை எழுதும்போதே உள்ளே தண்ணீர் குமிழியிடுகிறது.

"அவசரமில்ல இன்சாப், நான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்கிறார்.

உன் அக்கா